மலையகச் சஞ்சிகை ஆசிரியர்களுக்கு: இளையோருக்கு நான்கு பக்கம் விடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இதழ்களைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்கும் உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அதற்கு முன் 'த்ராஷர்' என்ற அமெரிக்க ஸ்கேட்போர்ட் (சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகை) சஞ்சிகையின் கதையைச் சொல்ல வேண்டும்.

1950களில் கலிபோர்னியாப் பிள்ளைகள் பழைய ரோலர் ஸ்கேட் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் அடித்து ஓட்டினார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் கராஜில் கழித்துப்போட்ட பெயாரிங்கைப் பலகையில் பூட்டி இறக்கத்தில் விடுகிறார்களே, அதே வேலைதான். 1964இல், அலைச்சறுக்குக்கு இதழ் நடத்தியவர்களே ஸ்கேட்போர்டுக்கும் ஒரு காலாண்டிதழ் கொண்டுவந்தார்கள். மோகம் தணிந்ததும் அடுத்த ஆண்டே அது நின்றது. யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சக்கரம் வந்து விளையாட்டு உயிர்த்தபோது, 1975இல், இதழும் திரும்பி வந்தது. 1980 வாக்கில் மறுபடி சரிவு. காப்புறுதிச் செலவு தாங்காமல் ஸ்கேட் பார்க்குகள் மூடப்பட்டன. இதழோ பெயரை மாற்றிக்கொண்டு மற்ற விளையாட்டுகளுக்கும் பக்கம் ஒதுக்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான், 1981 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோவில் 'த்ராஷர்' வெளிவந்தது. தொடங்கியவர்கள் ஃபாஸ்டோ விட்டெலோவும் எரிக் ஸ்வென்சனும். இருவரும் வியாபாரிகள். பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் 'இன்டிபென்டன்ட்' அச்சுகளை 1978 முதல் விற்றுவந்தவர்கள். விளையாட ஆள் இருந்தால்தானே அச்சு விற்கும்? அந்த நோக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. என்னை யோசிக்கவைத்தது வேறு: ஆசிரியர் பொறுப்பைப் பலகையில் ஏறி ஓடுகிற கெவின் தாட்சரிடம் கொடுத்தார்கள். மலிவான பத்திரிகைத் தாளில் அச்சிட்டார்கள். பார்க் மூடினால் என்ன, தண்ணீர் வற்றிய நீச்சல்குளம், நடைபாதை விளிம்பு, வீட்டுப் பின்புறத்தில் தாங்களே கட்டிய மரச்சரிவு என்று பிள்ளைகள் உண்மையில் எங்கே ஓட்டினார்களோ, அந்த இடங்களே பக்கங்களில் வந்தன. வெளியிலிருந்து பார்த்து எழுதியவர்கள் மோகம் தீர்ந்ததும் போய்விட்டார்கள். உள்ளேயிருந்து எழுதியவர்களின் இதழ் 40 ஆண்டுகள் தாண்டியும் வருகிறது.

அதில் எல்லாமே பின்பற்றத்தக்கதல்ல. அழிவைக் கொண்டாடும் அதன் தொனி பிடிக்காதவர்கள் 1983இல் 'ட்ரான்ஸ்வேர்ல்ட்' என்ற போட்டி இதழைத் தொடங்கினார்கள். த்ராஷரின் அட்டையில் முதன்முதலாக ஒரு பெண், காரா-பெத் பர்ன்சைட், இடம்பெற 1989 வரை ஆனது. நாம் தொடங்கினால் முதல் இதழிலேயே பெண்பிள்ளைகள் இருக்க வேண்டும். நமக்கு அதற்கு முன்மாதிரியும் உண்டு. தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யரின் 'தேசபக்தன்' இதழ் 1924இல் தொடங்கியது. அதில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பெண்களுக்காக எழுதினார்.

இனி நம் இதழ்களைப் பார்ப்போம். 2023இல், நம் மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்த 'மலையகம் 200' சிறப்பிதழ்களை வரிவிடாமல் வாசித்தேன். காணி, வீடு, சம்பளம் பற்றி எழுதாத மலையக இதழ் தேவையே இல்லை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நம் இளையோர் அந்தப் பக்கங்களில் எப்போது வருகிறார்கள்? பாடசாலையை விட்டு இடைவிலகியபோது, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனபோது, போதைப்பொருளில் சிக்கியபோது. அவர்கள் பிரச்சினையாகவே அச்சேறுகிறார்கள். சமதரை கிடைக்காத ஊரில் சரிவையே மைதானமாக்கிக் கிரிக்கெட் ஆடுவதும், பந்து தேயிலைக்குள் உருண்டால் என்ன கணக்கு என்று தங்களுக்குள் விதி வகுப்பதும், பழைய இரும்பில் வண்டி செய்வதும் எந்த இதழில் இருக்கிறது? அதையெல்லாம் இப்போது போனில் படம்பிடித்துப் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் எங்கேயோ புதைந்துவிடுகிறது. அச்சில் இருந்தால் நூலகத்தில் இருக்கும், 30 வருடம் கழித்து ஒரு பிள்ளை எடுத்துப் பார்க்கும்.

ஆகவே கேட்கிறேன்: ஒவ்வோர் இதழிலும் நான்கு பக்கத்தை இருபது வயதுக்குட்பட்டவர்களிடம் ஒப்படையுங்கள். 'சிறுவர் பூங்கா' போல நாம் தொகுத்துக் கொடுப்பது வேண்டாம். எதை எழுதுவது, எந்தப் படத்தைப் போடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் எழுத்துப்பிழை பாருங்கள், அவதூறு வராமல் பாருங்கள், அது போதும். தோட்டத்து லயன் வீடுகளின் பேச்சிலேயே எழுதினால் அதைத் திருத்தாதீர்கள். முதல் மூன்று இதழ்களுக்கு அந்த நான்கு பக்கத்தின் அச்சுச் செலவை நானும் என் நண்பர்களும் ஏற்கிறோம். எந்த ஆசிரியர் முதலில் சம்மதிக்கிறாரோ, அவரிடம் பிள்ளைகளை நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
ஹட்டன் வாசகர் ஒருவர்