சிரிப்புக்கு ஹெட் ஆபீஸ், சம்பளத்துக்கு யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரான்சைஸ், அதாவது பெரிய நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுத்துத் தொழில் தொடங்க விரும்புவோருக்காக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு முதலீடு, எத்தனை சதுர அடி இடம், அந்தப் பெயருக்காகக் கட்டும் ராயல்டி எத்தனை சதவீதம் என்று எல்லாம் இருந்தது. அந்தக் கடையில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு யார் முதலாளி என்பது மட்டும் இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் நடந்த அழகு நிலையத்தில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கடை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. உள்ளே நடப்பதெல்லாம் பெயருக்குச் சொந்தக்காரர் கொடுத்த புத்தகப்படிதான். சீருடையின் நிறம், முடி வெட்ட எத்தனை நிமிடம், வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் என்ன சொல்லி வரவேற்க வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கும். கைரேகைக் கருவியில் ஒரு பெண் பத்து நிமிடம் தாமதமாக விரல் வைத்தால் ஹெட் ஆபீஸ் திரையிலும் தெரியும். ஒருமுறை வாடிக்கையாளர் போல வந்துபோன அவர்களுடைய ஆள், வரவேற்பில் இருந்த பெண் சரியாகச் சிரிக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். மறுநாளே அந்தப் பெண்ணை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மாற்றினோம்.

அப்புறம் கடை நஷ்டத்தில் மூடப்பட்டது. உரிமையாளர் போனை அணைத்துவிட்டார். 11 பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, நானும் அதில் ஒருத்தி. நிறுவனத்துக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: நீங்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், உங்கள் முதலாளியை அணுகவும். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று இருக்கிறது. அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் உரிமையாளரின் கம்பெனிப் பெயர். கணக்கு எழுதும் நானே ஆறு வருடமாக அதைக் கவனித்ததில்லை.

உரிமையாளர் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய கணக்கு எனக்குத் தெரியும். ராயல்டி என்பது லாபத்தில் பங்கு அல்ல, விற்பனையில் பங்கு. நஷ்டப்பட்ட மாதத்திலும் கட்டியாக வேண்டும். விளம்பர நிதியும் அப்படித்தான். ஷாம்பு, சாயம் எல்லாம் நிறுவனத்தார் சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும், தள்ளுபடியை அறிவிப்பதும் அவர்களே. வாடகை குறையாது. கை வைக்க மிச்சமிருப்பது சம்பளம் ஒன்றுதான். மாதக் கடைசியில் யாருடைய ஓவர்டைமை வெட்டலாம் என்று அவர் பார்ப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவேன். அந்தப் பட்டியல்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

எங்களுக்கு மட்டும் நடந்த கதை அல்ல இது. ஆஸ்திரேலியாவில் பிரான்சைஸ் முறையில் நடக்கும் செவன் இலெவன் சிறு கடைகளில் பலருக்குச் சட்டப்படியான சம்பளம் தரப்படவில்லை என்பது 2015இல் வெளியே வந்தது. சில கடைகளில் சம்பளத்தைக் கணக்கில் சரியாகப் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். 2017இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தியது. கடையின் நடவடிக்கைகளில் கணிசமான செல்வாக்கு உள்ள தலைமை நிறுவனம், சம்பள மோசடி நடப்பது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் அதுவும் பொறுப்பாகும். கொடுத்த பணத்தைக் கடைக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வழியும் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்னும் இழுபறிதான். மறைமுகக் கட்டுப்பாடு இருந்தாலே ஒரு நிறுவனத்தைக் கூட்டு முதலாளியாக, அதாவது நேரடி முதலாளியோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டியவராக, கருதலாம் என்று அந்நாட்டின் தொழிலாளர் உறவு வாரியம் 2015இல் சொன்னது. 2020இல் நேரடிக் கட்டுப்பாடு வேண்டும் என்று மாற்றியது. 2023இல் புதிய விதி போட்டு அந்த வரையறையை மறுபடி விரித்தது. நடைமுறைக்கு வரும் முன்பே, 2024 மார்ச்சில், டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அந்த விதியை ரத்து செய்துவிட்டது. இந்த வழியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கட்டுப்படுத்தினால் முதலாளி ஆகிவிடுவோம் என்று பயந்து, சம்பள விஷயத்தில் கடைக்காரருக்கு ஆலோசனை சொல்வதைக்கூட நிறுவனங்கள் நிறுத்திவிடலாம். ஆஸ்திரேலிய முறையில் கண்ணை மூடிக்கொள்வதுதான் ஆபத்து, கவனிப்பதற்குத் தண்டனை இல்லை.

எல்லாக் கடையின் சம்பளத்தையும் நாங்கள் எப்படிக் கண்காணிப்பது என்று நிறுவனங்கள் கேட்கும். பத்து நிமிடத் தாமதத்தைக் காட்டிய அதே கருவியில்தான் எங்கள் ஓவர்டைம் மணிக்கணக்கும் இருந்தது. அதைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட ஒரு ஆளுக்கு அரைநாள் போதும். பிரான்சைஸ் கொடுக்கும்போது வாங்கும் கட்டணத்தோடு இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை வாங்கித் தனிக்கணக்கில் வைக்கவும் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். சட்டம் இந்த இரண்டையும் கட்டாயமாக்க வேண்டும். இந்தத் தொழிலைப் பற்றி அடுத்த கட்டுரை வரும்போது, இதையும் நிறுவனங்களிடம் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் 11 பேரில் நான்கு பெண்கள் இப்போது அதே பெயரில் உள்ள இன்னொரு கடையில், வேறொரு உரிமையாளரிடம் வேலை பார்க்கிறார்கள். பழைய சீருடையே போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி