வங்க எழுத்துக்குப் பெயர்தான் பிடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கக் குழந்தைகளின் அரிச்சுவடிப் பருவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் சில திருத்தங்கள்.

கட்டுரை சொல்வதுபோல், 19ஆம் நூற்றாண்டு வங்க அறிஞர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் வங்க எழுத்தை உருவாக்கியவர் அல்லர். 1778லேயே ஹூக்ளியில் அச்சேறிவிட்ட எழுத்து அது. 1855இல் வெளிவந்த ‘வர்ணபரிச்சய்’ என்னும் அரிச்சுவடி நூலில் அதை அவர் ஒழுங்குபடுத்தினார். 16 உயிரெழுத்தில், பேச்சில் இல்லாத நெடில் ரு, நெடில் லு இரண்டையும் நீக்கினார். அனுஸ்வாரமும் (‘ங்’ ஒலிக்குறி) விசர்க்கமும் (‘ஃ’ போன்ற மூச்சொலிக்குறி) மெய்யெழுத்துப் பக்கம் போயின. மிச்சம் 12. பிற்பாடு குறில் லுவும் விழுந்தது. இன்றைய பாடநூல் கணக்கு 11 உயிர், 39 மெய்.

எழுத்தறிவித்தல் அங்கே விஜயதசமியில் நடப்பதும் இல்லை. தை, மாசி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜையன்றுதான் ‘ஹாத்தே கொடி’, அதாவது கையில் சுண்ணக்கட்டி. பெரிய பிள்ளைகள் புத்தகத்தை அம்மன் காலடியில் வைத்துவிட்டு அன்று தொடவே மாட்டார்கள். சிலேட்டுப் பிடிப்பது வீட்டின் கடைக்குட்டி மட்டும்!

இவற்றைவிட முக்கியமானது, எழுத்துகளின் பெயரைக் கட்டுரை சொல்லாமல் விட்டது. ஒலியைச் சொல்லி எழுத வைத்தால் போதும் என்கிறார் கட்டுரையாளர். வங்காளத்தில் அது செல்லாது. ‘ஷ’ என்று சொன்னால் பிள்ளை எதை எழுதும்? மூன்று எழுத்துகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஒரே உச்சரிப்பு. அதனால்தான் தாலொப்பொ (அண்ண) ஷ, மூர்தொன்னொ (அண்ண உச்சி) ஷ, தொந்தொ (பல்) ஷ என்று பெயரோடு சேர்த்தே வாய்ப்பாடு. ‘ந’ ஒலிக்கு எழுத்து இரண்டு, ‘ஜ’ ஒலிக்கு இரண்டு, குறில் இகரமும் நெடில் ஈகாரமும் காதுக்கு ஒன்றே. நாம் மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று சுழியை எண்ணுகிறோம். அவர்கள் அண்ணம், பல் என்று வாயில் பிறக்கும் இடத்தைச் சொல்கிறார்கள். பெயர் பதியாத பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் கடைசிவரை தகராறுதான்.

அடுத்தது மாத்ரா எனப்படும் தலைக்கோடு. 50 எழுத்தில் 32க்கு முழுக்கோடு, 8க்கு அரைக்கோடு, 10க்குக் கோடே கிடையாது. இது அலங்காரம் அன்று. கோடில்லாத ஏகாரத்தின் மேல் கோடு போட்டால் ‘த்ர’ ஆகிவிடும். ஓகாரத்தின் மேல் போட்டால் ‘த்த’. நீளமாகக் கோட்டை இழுத்துவிட்டு எழுத்துகளை அதில் தொங்கவிடும் பழக்கம் வந்தால் அந்த 18 எழுத்தும் பிழையாகும். உடலை முதலில் எழுதி, கோட்டைக் கடைசியில், இடமிருந்து வலமாக இழுக்கப் பழக்க வேண்டும்.

ஒப்பிப்பது அகரவரிசையில் இருக்கட்டும். எழுதுவதை வடிவ வரிசையில் தொடங்குவது நல்லது. முக்கோணம் போன்ற ‘ப’வில் (ba) தொடங்கினால், அடியில் புள்ளி வைக்க ‘ர’, வலப்பக்கம் கொக்கி சேர்க்க ‘க’. புள்ளியில் கவனம் தேவை. சாறு என்னும் ‘ரொஷ்’ஷில் அது விடுபட்டால் ‘பொஷ்’, உட்கார் என்று ஆகிவிடும்.

உயிர்க்குறிகளில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிரமம் குறைவு. ‘கொ’வில் கொம்பும் காலும் இரு பக்கமும் நிற்பதுபோலவே அங்கும். சறுக்குவது இகரக் குறியில்: நமக்கு வலப்பக்கம், அவர்களுக்கு எழுத்துக்கு முன்னால். பழக்கதோஷத்தில் வலப்பக்கம் போட்டால் நெடில் ஈகாரமாகப் படிக்கப்படும். ரு, கு (gu), ஹு போன்றவற்றில் உகரம் வடிவம் மாறுவதால் அவற்றைத் தனிப் படங்களாகவே காட்டிவிடலாம்.

மெய்கள் ஒட்டி ஒரே வடிவாகும் கூட்டெழுத்துகளை இதோடு கலக்க வேண்டாம். வித்யாசாகரே அவற்றை இரண்டாம் பாகத்துக்குத் தள்ளிவைத்தார். ‘க்ஷ’ என்று எழுதி ‘க்க’ என்று படிக்கும் வேலையெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

இப்படிக்கு,
வாசகர், கொல்கத்தா