வேர் இல்லாத அப்டேட்

கிருஷ்ணகிரி
ஆடி மாதம், ஞாயிறு மதியம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சீசன் நேரம் என்று உனக்கே தெரியும், திட்டாதே. பெங்களூரா மாங்காய் வரத்து போன வாரம்தான் மட்டுப்பட்டது. அதுவரை எங்கள் ஆலை வாசலில் தொடங்கும் டிராக்டர் வரிசை காவேரிப்பட்டணம் ரோடு வரை நீண்டுகொண்டிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கும் எடை மேடையில் ஆள் நிற்கும். வீட்டுக்குப் போனால் சட்டையில் மாம்பால் வாசம், குளித்தாலும் போகாது. மாங்கனி கண்காட்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சின்னவளிடம் சொல்லியிருந்தேன். கடைசியில் அவள் அத்தையோடு போய்விட்டு வந்து, ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. களி கிளறுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். பாலக்கோட்டில் உங்கள் அப்பாவின் தக்காளித் தோட்டம் இந்த வருஷம் எப்படி?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "மவுஸில் நாலு தட்டு தட்டினால் முடிகிற வேலைக்கு இன்னும் எதுக்குடா அந்தக் கறுப்புத் திரை?" என்று எழுதியிருந்தாய். கட்டளைகளைக் கையால் அடிக்கும் திரையைத்தான் சொல்கிறாய். ஜூன் மாதம் ஒரு மதியம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கறுப்புத் திரையால்தான் விழுந்தேன், அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

ஒரு லோடு செந்தூரா மாம்பழத்தை யாரோ பெங்களூரா விலைக்குப் பதிந்துவிட்டார்கள். பில் மூடியாகிவிட்டதால் ஸ்கிரீனில் திருத்த வழியில்லை. மதியம் ரெண்டே முக்கால் இருக்கும். கணக்குப் பிரிவு அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாயங்காலம் பேமெண்ட் சார், சீக்கிரம்" என்கிறார். கணக்கெல்லாம் இருக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் கிளையண்டைத் திறந்தேன். அப்டேட், டேபிள் பெயர், செட், விலை என்று அடித்துக்கொண்டே வந்து, வழக்கமாக வரி முடியும் வேகத்தில் விரல் அரைப்புள்ளியைத் தட்டி என்டரையும் தட்டிவிட்டது. எந்த வரிகளை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) என்ற பகுதியை அடிக்கவே இல்லை. தமிழில் படித்தாலும் அதே கதைதான் மச்சான், வேர் இல்லாமல் நட்டுவிட்டேன்.

பொருந்திய வரிகள் 4,331, மாறியவை 4,318 என்று பதில் வந்தது. சீசன் தொடங்கியதிலிருந்து வந்த அத்தனை லோடுக்கும் ஒரே விலை. ட்ரான்சாக்‌ஷன் (கடைசியில் உறுதி செய்யும் வரை பின்வாங்கக்கூடிய கட்டு) எதுவும் தொடங்காமல் அடித்ததால், என்டர் தட்டிய அந்த நொடியே அது கமிட், அதாவது நிரந்தரம், ஆகிவிட்டது. ரோல்பேக், பழையபடி ஆக்கு, என்று கேட்டால் சிரிக்கும். மேசையில் டீ இருந்தது. ஆடை கட்டி ஆறும் வரைக்கும் நான் அதைத் தொடவில்லை.

எடை மேடைக்குப் போன் போட்டு, "அரை நாளுக்குக் கையால எழுதுங்கண்ணா" என்றேன். அங்கே இருப்பவர் முப்பது வருஷ ஆள். "அதுக்குத்தான் கார்பன் புக்க நான் எடைக்குப் போடல" என்றார். அப்ளிகேஷனை நிறுத்தினேன். ஃப்ளஷ் பைனரி லாக்ஸ் என்று ஒரு கட்டளை கொடுத்தேன். டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை எல்லாம் அதுவரை எழுதிக்கொண்டிருந்த பின்லாக் ஃபைலை மூடிவிட்டு சர்வர் புது ஃபைலுக்குப் போய்விட்டது. மூடிய ஃபைல்களை எல்லாம் என் லேப்டாப்புக்கு நகல் எடுத்தேன். இதற்கே பத்து நிமிஷம் ஆனது, அண்ணன் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

என் திட்டம் பாடப்புத்தகத் திட்டம்தான். முந்தின ராத்திரி எடுத்த டம்ப்பை, அதாவது முழு பேக்கப்பை, லேப்டாப்பில் ஏற்றுவது, அதன் மேல் பின்லாக்கை என் தப்புக்கு ஒரு அடி முன்பு வரை ஓட்டுவது. டம்ப்பை ஏற்றினால் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கட்டளைக்குள் சுழியம் என்ற எழுத்து வருகிறதாம், அனுமதி இல்லையாம். ஃபைல் அளவைப் பார்த்தேன், இருக்க வேண்டியதைப் போல ரெண்டு மடங்கு. பிப்ரவரியில் மிஷின் மாற்றியதிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. பேக்கப் பெரிதாக இருந்தால் யார் கேட்பார்கள்?

காரணம் இதுதான், உனக்கும் உதவும். பழைய மிஷினில் சாதாரண கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓடிய மைஎஸ்கியூஎல்-டம்ப் வரியை, புது மிஷினில் பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளைத் திரைக்குள் அப்படியே ஒட்டியிருந்தேன். ஒட்டியதும் நானேதான். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் அம்புக்குறி (>) போட்டு, வெளியே வருவதை ஃபைலுக்குத் திருப்பினால், அது வருகிற பைட்டுகளை அப்படியே எழுதாது. தனக்குத் தெரிந்த எழுத்துகளாகப் படித்து, யூடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறியீட்டில் மாற்றி எழுதும். அதை மைஎஸ்கியூஎல் திரும்ப வாங்கிக்கொள்ளாது. அம்புக்குறியை விட்டுவிட்டு ரிசல்ட்-ஃபைல் என்ற ஆப்ஷனில் ஃபைல் பெயரைக் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. மேனுவலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் எப்போது மேனுவல் படித்தோம்?

டம்ப்பைத் திறந்து பார்த்தபோது விவசாயிகள் பெயர் இருந்த இடமெல்லாம் கிரேக்க ஆல்பாவாக இருந்தது. ஆல்பா, பக்கத்தில் ஒரு இரட்டைக் கோணக் குறி, பிறகு ஏதோ ஒன்று, மறுபடி ஆல்பா. வரிசை வரிசையாக ஆல்பா. உற்றுப் பார்க்கும்போதுதான் பிடிபட்டது. டேட்டா முதலில் இருந்த யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. புள்ளி வைத்த 'க்' என்றால் ஆறு. எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட்டு ஒன்றேதான், அந்தப் பைட்டு பழைய 437-ஆம் கோட் பேஜ் என்ற எழுத்துப் பட்டியலில் ஆல்பா. அதாவது, பெயர்கள் அழியவில்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வேஷம் போட்டுவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வேஷத்தைக் கலைக்கலாம் என்று தெரிந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

கலைக்க உட்காரும்போது மணி நாலரை. சும்மா ஒரு பார்வைக்கு, லாக்கைப் படித்துக் காட்டும் மைஎஸ்கியூஎல்-பின்லாக்கில் வெர்போஸ் போட்டு, டீகோட்-ரோஸ் என்றும் சொல்லி, அந்த மதியத்து லாக்கைத் திறந்து பார்த்தேன். மச்சான், எனக்கே வெட்கமாகிவிட்டது. பழைய விலை அத்தனையும் அங்கேயே இருந்தது.

மைஎஸ்கியூஎல் 5.7 வெர்ஷனிலிருந்தே லாக் ரோ முறையில்தான் எழுதப்படுகிறது, 8.0-லிருந்து நாம் சொல்லாமலே லாக் ஓடுகிறது, முப்பது நாள் வைத்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ரோ முறை என்றால் நீ அடித்த வாக்கியத்தை எழுதி வைப்பதில்லை. மாறிய ஒவ்வொரு வரிக்கும் மாறுவதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்று ரெண்டையும் முழுசாக எழுதும். டீகோட் பண்ணிப் பார்த்தால் முன்பு இருந்தது 'வேர்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. நான் மறந்த வேர், 4,318 முறை, லாக்கில் பத்திரமாக இருந்தது. காலம் (column) பெயர்கள் மட்டும் இருக்காது. முதலாவது, இரண்டாவது என்று எண் மட்டும் வரும். எங்கள் டேபிளில் பதினொரு காலம். ஒரு லோடுக்கு இருபத்தைந்து வரி, மொத்தம் ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம் வரி. இதை எந்த மவுஸை வைத்து எடுப்பாய், சொல்லு பார்க்கலாம்.

லினக்ஸ் லேப்டாப்பில் வரிகளைப் பொறுக்க ஆக் (awk) என்ற கட்டளை போதும். முன் பகுதியில் முதல் காலம் சீட்டு எண், ஏழாவது காலம் விலை. அந்த ரெண்டையும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்டேட் வாக்கியம் ஆக்கினேன், இந்த முறை வேரோடு. எண்ணிப் பார்த்தேன், 4,318. மீதி பதின்மூன்று எங்கே என்று ஒரு நொடி திக்கென்றது. அவற்றுக்கு ஏற்கெனவே அதே விலைதான், மாறவே இல்லை, அதனால் லாக்கிலும் இல்லை. சர்வரில் ட்ரான்சாக்‌ஷன் தொடங்கி, ஓட்டி, ரேண்டமாகப் பத்து சீட்டை கார்பன் புக்கோடு ஒத்துப்பார்த்துவிட்டு கமிட் கொடுத்தேன். அஞ்சே முக்கால். பேமெண்ட் போனது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, புது டீ ஒன்று சொன்னார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து டம்ப்பின் வேஷத்தைக் கலைத்தேன். எழுத்துக் குறியீட்டை மாற்றும் ஐகான்வ் கட்டளையிடம், இது யூடிஎஃப்-16, 437-க்கு மாற்று என்றேன். வெளியே வந்தது பெயருக்குத்தான் 437, உண்மையில் பழைய யூடிஎஃப்-8 பைட்டுகளே. ஆல்பாக்கள் போய், மாரியப்பன்களும் சின்னப்பொண்ணுகளும் வரிசையாக வந்து நின்றார்கள். டம்ப் எடுக்கும்போது சோர்ஸ்-டேட்டா ஆப்ஷன் போட்டிருந்ததால் (பழைய வெர்ஷனில் அதற்கு மாஸ்டர்-டேட்டா என்று பெயர்), எந்த லாக் ஃபைலில் எந்த இடத்தில் எடுத்தது என்று ஃபைலின் மேல் பகுதியிலேயே குறிப்பு இருந்தது. அங்கே தொடங்கி, என் தப்பு ட்ரான்சாக்‌ஷன் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ஸ்டாப்-பொசிஷன் கொடுக்கும்போது கவனம். வரி மாறும் இடத்தைக் கொடுக்கக் கூடாது, அதற்கு மேலே ட்ரான்சாக்‌ஷன் ஆரம்பிக்கும் இடத்தைக் கொடுக்க வேண்டும். லாக் ஃபைல் ரெண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் வரிசையாகக் கொடு. தொடக்க இடம் முதல் ஃபைலுக்கும், நிறுத்தும் இடம் கடைசி ஃபைலுக்கும் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். எடையை விலையால் பெருக்கிக் கூட்டிய தொகையை அங்கும் இங்கும் ஒத்துப்பார்த்தேன். பைசா பிசகவில்லை. ஒன்றரை மணிக்குத் தூங்கினேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மைஎஸ்கியூஎல் கிளையண்டில் சேஃப்-அப்டேட்ஸ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. வேரும் லிமிட்டும் இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் அது ஓட்டவே விடாது. அதற்கு அதிகாரப்பூர்வமாகவே இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஐ-ஆம்-ஏ-டம்மி. 'நான் ஒரு மக்கு' என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டேன், கான்ஃபிக் ஃபைலிலேயே.

இப்போது உன் விஷயம். கரண்ட் போய் வந்ததிலிருந்து உங்கள் ஆபீஸ் சர்வர் ஏறவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். 2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? அப்போது நம்மிடம் பாதி டேபிள் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறை. கரண்ட் வரும்போதெல்லாம் மைஐசாம்-செக் ஓட்டி இண்டெக்ஸ் கட்டுவதே நமக்குத் தொழிலாக இருந்தது. இப்போதைய முறையான இன்னோடிபி அப்படி இல்லை, மாற்றங்களை எழுதி வைத்த ரீடூ லாக்கைப் படித்துத் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். அதுவே எழவில்லை என்றால் டேட்டா ஃபைலிலோ லாக்கிலோ காயம் இருக்கலாம், அல்லது டிஸ்க்கே போகத் தொடங்கியிருக்கலாம். ஃபோர்ஸ்-ரெக்கவரி, அதாவது சேதத்தோடே சர்வரை எழுப்பும் ஆப்ஷனில், எண் ஆறு போட்டுத் தூக்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த ஆளைப் பக்கத்தில் விடாதே. முதலில் சர்வரை நிறுத்தி, டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகல் எடு. பிறகு ஒன்றில் தொடங்கு, எழவில்லை என்றால் ரெண்டு, மூன்று. நாலிலிருந்து டேட்டா நிரந்தரமாகக் கெட வாய்ப்பு உண்டு. எந்த எண்ணில் எழுந்தாலும் அந்த நிலையில் புதிதாக எழுத விடாது, அது நல்லதுக்குத்தான். உடனே டம்ப் எடு, புது சர்வரில் ஏற்று. பழையதை அப்படியே வைத்து ஓட்டலாம் என்று ஆசைப்படாதே. விண்டோஸ் மிஷின் என்றால் அம்புக்குறி வேண்டாம், மறந்துவிடாதே.

ஏதாவது தொடுவதற்கு முன் எரர் லாக்கின் கடைசி நூறு வரியை எனக்கு அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, எழுத்தாகவே அனுப்பு. போன தடவை நீ எடுத்த போட்டோவில் உன் கட்டை விரல்தான் பாதி இருந்தது.

ரவுண்டானா பக்கத்து பார்சல் ஆபீஸில் நேற்று ஒரு பெட்டி மல்கோவா போட்டிருக்கிறேன், புதன் வாக்கில் வரும். அடியில் இருப்பது காய், வைக்கோலை எடுத்துவிடாதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
பர்கூர் ஹாஸ்டல் மாமன்