அண்ணா, அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டேன்

அண்ணா,

என் பொண்ணோட பரீட்சைக்கு எக்ஸ்ட்ரா டைம், கேள்வித்தாள வாசிச்சு சொல்ல ஒரு ஆளு, ரெண்டுக்கும் நேத்து எழுதிக் கொடுத்தாச்சு. "பிள்ளை மேல முத்திரை குத்தாத"ன்னு நீ ஃபேமிலி க்ரூப்ல போட்ட வாய்ஸ் மெசேஜுக்கு அங்கயே பதில் சொன்னா பெரியவங்க நடுவுல புகுந்துடுவாங்க, அதான் இங்க. யார் பேரும் போடல. தெரிஞ்சவங்க தெரியாத மாதிரி இருந்துட்டா போதும்.

உன் கோவம் முத்திரை பத்தி இல்லன்னு எனக்குத் தெரியும். அசெஸ்மென்ட்ல "குடும்பத்துல வேற யாருக்காவது வாசிக்கக் கஷ்டம் இருந்துச்சா"ன்னு கேட்டாங்க, உன்னச் சொன்னேன். உன்கிட்ட கேட்காம சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ. ஆனா டிஸ்லெக்ஸியாங்குற இந்த வாசிக்கிற சிக்கல் பரம்பரையா வரக்கூடியது, அத மறைச்சு என்னன்னு பதில் சொல்ல, கேட்டிருந்தா மட்டும் நீ விட்டிருப்பியா?

அவங்க கேட்டதும் எனக்கு நீ பாடம் "வாசிச்ச" அந்த சாயங்காலம்தான் வந்துச்சு. ராத்திரி நான் வாசிக்க வாசிக்க நீ கண்ண மூடிட்டுக் கேட்ப, ரெண்டு தடவைதான், ஒரு வார்த்தை மாறாது. அப்பா முன்னாடி வரிக்கு வரி விரல ஓட்டிக்கிட்டே சொல்லிட்டு வந்த, ரெண்டு பக்கம் ஒண்ணா ஒட்டிப் புரண்டுடுச்சு, உனக்குத் தெரியல, விரலுக்குக் கீழ வேற பாடம், நீ பாட்டுக்குப் பழைய பாடத்தையே சொல்லிக்கிட்டுப் போற. அப்புறம் நடந்தத எழுதல, அப்பாவும் இதப் படிப்பாரு.

1896லயே ப்ரிங்கிள் மார்கன்னு ஒரு டாக்டர் 14 வயசுப் பையன் ஒருத்தனப் பத்தி எழுதியிருக்காரு, எல்லாத்தையும் வாய்வழியா சொல்லிக் கொடுத்தா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரன்னு அவன் வாத்தியாரே சொன்னாராம். படிச்சதும் உன்னத்தான் நெனச்சேன்.

"நான் அடி வாங்கித் தேறல?"ன்னு கேக்குற. எங்க தேறின? பத்தாவதோட புஸ்தகத்த மூடின. இப்பவும் எவனாவது ஃபார்ம நீட்டினா கண்ணாடிய மறந்துட்டேங்குற, உனக்குக் கண்ணாடியே கிடையாது. இந்த வரிய அழிக்கலாம்னு பார்த்தேன், இருக்கட்டும்.

இவளுக்கும் கண்ணுல கோளாறு இல்ல, புத்தியிலயும் இல்ல. சத்தத்த எழுத்தோட கோக்குற இடத்துலதான் சிக்கல். "கெ" பாரு, வாயில கடைசியா வர்ற சத்தத்துக்குக் கொம்பு முன்னாடி நிக்குது, அதுலயே முழிப்பா. பத்து தடவ எழுதுன்னு விரட்டினா கைதான் வலிக்கும். ஸ்பெஷல் எஜுகேட்டர் தட்டுல மணல் பரப்பி, விரலால எழுத எழுத அந்த சத்தத்த வாய்விட்டு சொல்ல வைக்கிறாங்க, ஒண்ணு பழகினப்புறம்தான் அடுத்தது. ரொம்ப மெதுவாத்தான் போகுது, பொறுமை போயிடுது எனக்கு. க்ளாஸ்ல திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்லாதீங்க, வரலாறுல ஸ்பெல்லிங்குக்கு மார்க் கொறைக்காதீங்கன்னு மிஸ்கிட்டயும் கேட்டிருக்கேன். இதுல எங்க சலுகை? பதில அவதானே சொல்லணும்.

இத நீ போன்ல வாசிக்க விட்டுக் கேப்பன்னு தெரியும், அதான் பேசுற மாதிரியே எழுதியிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை அவ உனக்கு போன் பண்ணுவா, "மாமா, உங்களுக்கும் இப்படித்தானா"ன்னு கேக்க. சொல்ல இஷ்டம் இல்லன்னா போன எடுக்காத, நான் ஏதாவது சொல்லி சமாளிச்சுக்கறேன். எடுத்துட்டு "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னு மட்டும் சொல்லிடாத.