இரண்டு கள்ளன்கள்

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. மைனிக்கு முட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். குலசேகரத்தில் மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

கோழி போனதும் மரநாய்தான் என்று தீர்மானித்துவிட்டாய். எனக்கென்னவோ உன் வீட்டுக்கு வருவது இரண்டு கள்ளன்கள் என்று தோன்றுகிறது. குஞ்சுகள் பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் குறைகின்றன என்கிறாய். மரநாய் ராத்திரி ஆள். பகலில் புல்லுக்குள் பதுங்கி வந்து கவ்விக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் கீரி. வேளிமலை அடிவாரத்தில் அதற்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் விளையில் இருக்கிற புல்லை ஆள்விட்டுச் செதுக்கு. ஒளிந்து வர மறைவு இல்லாவிட்டால் அது முற்றத்தில் இறங்கத் தயங்கும்.

கூட்டுக்குள்ளேயே கழுத்தில் கடிபட்டுக் கிடந்த பெட்டைகள்தான் மரநாயின் கைவரிசை. நாயாக இருந்தால் கதவு பிய்ந்து இறகு முற்றமெல்லாம் சிதறிக் கிடக்கும். பாம்பு என்றால் முட்டை ஓடுகூட மிஞ்சாமல் போயிருக்கும். மரநாய் பழந்தின்னி மக்கா. பலாவும் பப்பாளியும் பழுத்து விழுகிற இடத்துக்குத் தேடி வரும், பனையேறிகளின் கள்ளுக்கலயத்தையும் விடாது. வந்த இடத்தில் கூடு திறந்திருந்தால் சும்மா போகுமா? விழுந்த பழத்தைச் சாயங்காலமே பொறுக்கிவிடு. கூரையைத் தொடுகிற கொம்பையும் வெட்டு, அதுதான் அதற்குப் பாலம்.

கூட்டை ஒருமுறை டார்ச் அடித்துப் பார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. தலை நுழைந்தால் உடம்பையும் நுழைத்துவிடும். கடையில் கோழிவலை என்று ஒன்று தருவார்கள், அறுகோணக் கண்ணி. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் ஆகும். நாய் பல்லை வைத்து இழுத்தால் பிய்ந்துவிடும், சின்னப் பாம்பு கண்ணி வழியாகவே உள்ளே போகும். அரை இஞ்ச் கண்ணி உள்ள வெல்டுமெஷ் போடு, கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை அது, விலை கூடத்தான். அடிப்பக்கம் ஒரு அடி வெளியே மடக்கி மண்ணில் புதைத்துவிடு. தோண்ட வருகிற எதுவும் சுவரோரத்தில்தான் தொடங்கும், கம்பி தட்டியதும் விட்டுவிட்டுப் போகும். கதவுக்குக் கயிறு போதாது, பூட்டுகிற கொண்டி வை.

பருந்துக்கும் காக்கைக்கும் குளச்சல் பக்கம் கிடைக்கும் பழைய மீன்வலை போதும். மேலே மட்டும் இழுத்துக் கட்டு. தரைவரை தொங்கவிட்டால் சாரைப்பாம்பு சிக்கிச் செத்துக் கிடக்கும், உன் விளையில் எலி பிடிக்கிற ஆள் அது.

கறியில் குருணைப் பூச்சிமருந்து வைக்கச் சொன்ன ஆளின் பேச்சைக் கேட்காதே. அதைத் தின்னப்போவது தெருநாயோ பக்கத்து வீட்டுப் பூனையோ, யார் கண்டது? மரநாயும் கீரியும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, வழக்கு உன் தலையில் விடியும். மழைக்கு மலைப்பாம்பு வந்து கூட்டில் சுருண்டு கிடந்தாலும் வனத்துறைக்குச் சொல், நீ கம்பெடுக்காதே.

அப்புறம், மகளுக்குப் பார்த்த வரன் என்ன ஆயிற்று? ஒரு வரிகூட எழுதவில்லையே.

மெஷ் வாங்கப் போகாதே. என் கூட்டுக்கு வாங்கியதில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். கூட்டின் நீள அகலத்தை மட்டும் அளந்து வை.

அன்புடன்,
தங்கமணி