பொருளியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு வியாபாரத்தின் தீங்கோ நன்மையோ, அதில் சேராத மூன்றாம் ஆள் மேல் விழுவதுதான் புறவிளைவு. அந்தப் பாடத்தை வரைபடத்தில் தொடங்கி வரைபடத்திலேயே முடித்துவிடுகிறீர்கள். உற்பத்தியாளர் தானே ஏற்கும் தனியார் செலவுக்கு ஒரு கோடு, அதற்கு மேலே, பிறர் மேல் விழுவதையும் சேர்த்த சமூகச் செலவுக்கு ஒரு கோடு. வரி போட்டால் சரியாகிவிடும் என்று 1920-இல் பொருளியலாளர் பிகூ காட்டிய வழி. அப்புறம், பேசியே தீர்த்துக்கொள்ளலாம் என்று 1960-இல் இன்னொரு பொருளியலாளர் கோஸ் சொன்னதாக ஒரு பத்தி. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள செலவு யார் தலையில் விழுகிறது என்பது மட்டும் எங்கும் வருவதில்லை.

கோஸ் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கையே பாருங்கள். லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் சமையலறையில் பெரிய உரல்களில் இடித்துவந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் அந்தச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். இடிக்கிற சத்தத்தில் நெஞ்சில் காது வைத்துக் கேட்க முடியவில்லை. 1879-இல் தீர்ப்பு மருத்துவர் பக்கம் வந்தது. உரலை நிறுத்தினால் மிட்டாய்க்காரருக்கும் நட்டம்தானே என்று கோஸ் கேட்டது நல்ல கேள்வி. பேரம் பேசச் செலவே ஆகாவிட்டால் இருவரும் தாங்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். நிஜத்தில் செலவு ஆகும், அதனால்தான் சட்டம் முக்கியம் என்றும் அவர் எழுதினார். அந்தப் பாதியைப் பல பாடநூல்கள் விட்டுவிடுகின்றன.

மிட்டாய்க்காரரும் மருத்துவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், வாயுள்ளவர்கள். ஈயம் கலந்த பெட்ரோலில் யார் யாருடன் பேசியிருக்க முடியும்? அது 1923-இல் விற்பனைக்கு வந்தது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். இடையில் அந்தப் புகையைச் சுவாசித்த குழந்தைகளின் மூளையை ஈயம் பாதித்தது. விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்கு ஓடும் வண்டி. குழந்தையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. புவியைச் சூடாக்கும் இன்றைய கரிப்புகையின் விளைவைச் சுமக்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை.

பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில்தான் ஒருவரின் சுதந்திரத்தில் தலையிடலாம் என்று 1859-இலேயே தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். அதைத் தத்துவ வகுப்பிலும் புறவிளைவைப் பொருளியல் வகுப்பிலும் தனித்தனியாகப் படிக்கும் மாணவர், இரண்டும் ஒரே வழக்கு என்று அறியாமலே பட்டம் வாங்கிவிடுகிறார். தடுப்பூசி போன்ற நல்ல புறவிளைவுகளும் உண்டு. அவற்றை ஏற்கெனவே நன்றாகச் சொல்கிறீர்கள்.

அடுத்த பதிப்பில் ஈயப் பெட்ரோலின் கதையை முதல் பக்கத்தில் வையுங்கள், வரைபடம் அதற்குப் பின்னால் வரட்டும். தேர்வில் வரி எவ்வளவு என்று கேட்குமுன், இந்த வியாபாரத்தில் யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
பொருளியல் வாசகர் ஒருவர்