நம்ம பிளாட்ஸ் அசோசியேஷன் ஆண்டறிக்கை 2024-25

எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்குமான அறிக்கையை செயலாளர்ங்கற முறையில வாசிக்கிறேன், வராதவங்களும் படிக்கணும்னுதான் குரூப்புலயும் போடுறேன். மொத்தம் 24 வீடு, இன்னிக்கு வந்திருக்கறது 11 பேரு, கோரம், அதாவது கூட்டம் நடத்த வேண்டிய குறைஞ்சபட்ச ஆளு, இல்லாததால அரை மணி நேரம் தள்ளி வச்சு ஆரம்பிக்கிறோம், போன வருஷமும் இதே கதைதான்.

சம்ப், ஓவர்ஹெட் டேங்க் ரெண்டு தடவை கழுவியாச்சு. லிஃப்டோட வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) புதுப்பிச்சாச்சு. ஜெனரேட்டருக்கு புது பேட்டரி போட்டோம். ஆயுத பூஜை, பொங்கல் கோலம் எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, கோலத்துக்கு உழைச்ச ஏ பிளாக் அக்காங்களுக்கு நன்றி.

இப்ப மொட்டை மாடி கிரில், அதாவது நாம சுட்டு சாப்பிடற கரி அடுப்பு விஷயத்துக்கு வரேன். இதைப் பத்தி குரூப்புல நிறைய பேச்சு வந்துச்சு, "செக்ரட்டரிக்கு வேற வேலையே இல்லையா"ன்னு கூட ஒருத்தர் எழுதினாரு, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்லிடறேன்.

2022 வருஷக் கடைசியில எல்லாரும் காசு போட்டு பட்டறையில 3 மி.மீ. எம்.எஸ். ஷீட்ல (சாதா இரும்புத் தகடு) அடிச்சு வாங்கின கிரில் அது. கம்பித் தட்டு ரெண்டு, ஒண்ணு சைவத்துக்கு ஒண்ணு அசைவத்துக்கு. பன்னீர், சோளம், சிக்கன்னு மாசத்துக்கு ஒரு நாளாவது மாடியில சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு, புதுசா குடி வந்தவங்க பல பேரு மத்தவங்களோட முதல்ல முகம் பார்த்து பேசினதே அங்கதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அது மூடாம அப்படியே நனைஞ்சுச்சு. நான் பொறுப்பு எடுத்து ஏப்ரல்ல மாடிக்கு போய் பார்த்தா அடித்தகடு செதில் செதிலா பேர்ந்து கிடக்கு, விரலால தட்டினா பொறுபொறுன்னு உதிருது, காலுங்க தண்ணி தேங்கின இடத்துல கணுக்கால் உயரத்துக்கு அரிச்சுப் போயிருக்கு. தூக்கி எடைக்கு போட்டுடலாம்னுதான் கமிட்டியில பாதிப் பேரு சொன்னாங்க, நான்தான் ஒரு தடவை சரி பண்ணிப் பார்க்கலாம்னு கேட்டு வாங்கினேன்.

நம்ம தெருமுனையில நின்னா கடல் தெரியும். திருவான்மியூர்ல இருக்கறவங்களுக்கு ஏசி அவுட்டோர் யூனிட்டும் ஜன்னல் கம்பியும் என்ன பாடு படுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இரும்பு துருப்பிடிக்க தண்ணியும் காத்தும் போதும், உப்பும் சேர்ந்தா வேகம் பல மடங்கு. மத்தியானம் கடக்காத்து திரும்பினதும் அந்த உப்பு வந்து படிஞ்சுடும், மழையே இல்லாத மே மாசத்துலயும் துரு ஏறும். சென்னைக்கு வருஷ மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான் பெய்யுது, ஆனா கிரிலுக்கு வருஷம் பூராவும் மழைக்காலம்தான்.

ஜூன்ல வேலையை ஆரம்பிச்சேன். அடித்தகடும் காலும் பட்டறை அண்ணன் மாத்திக் கொடுத்தாரு, மிச்சத்தை நானும் வாட்ச்மேன் அண்ணனும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சோம். காலையில ஏழு மணிக்கு உட்கார்ந்து மத்தியானம் எழுந்தப்ப இரும்பு வெள்ளி மாதிரி மின்னுச்சு, தூசி போகட்டும்னு ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டு, வெயில்ல தானா காயும்னு சாப்பிட கீழ போனேன். நாலு மணிக்கு மேல வந்து பார்த்தா தகடு பூரா மஞ்சள் தடவின மாதிரி ஆரஞ்சு கலர்ல புதுத் துரு, தண்ணி நின்ன மூலையில இன்னும் கெட்டியா. ரொம்ப மனசு விட்டுப் போச்சு. தேய்ச்ச இரும்பை தண்ணி காட்டாம துணியால துடைச்சு அன்னிக்கே எண்ணெயோ பெயிண்டோ போட்டுடணும்னு அன்னிக்கு தெரிஞ்சுக்கிட்டேன். மறு ஞாயித்துக்கிழமை திரும்ப முதல்ல இருந்து தேய்ச்சோம்.

காலுக்கு துரு தடுக்கற ரெட் ஆக்சைடு பிரைமர், அதுக்கு மேல சாதா பெயிண்ட். வெளிப்பக்கத் தகடுக்கு 600 டிகிரி தாங்கும்னு டப்பாவுல போட்டிருந்த ஹீட் பெயிண்ட், அதை அடிச்சதும் கரி போட்டு வெறும் அடுப்பா ஒரு மணி நேரம் எரிச்சு புகை எல்லாம் போன பிறகுதான் சமையலுக்கு விட்டோம். உள்பக்கமும் கம்பித் தட்டும் பெயிண்டே படக்கூடாது, சாப்பாடு படற இடம், அங்க எண்ணெய் மட்டும்தான். புது தோசைக்கல்லை எப்படி பழக்குறோமோ அதே மாதிரி: ரொம்ப மெல்லிசா தடவி, துணியால துடைச்சு, புகை வர்ற வரைக்கும் சூடு பண்ணி, ஆறவிட்டு, திரும்ப. மூணு நாலு தடவை பண்ணா கருப்பா ஒரு படலம் பிடிச்சுக்கும். இதுக்கு தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காஞ்சு படலமா ஆகாம பிசுபிசுன்னே நிக்கும், சன்ஃபிளவர் நல்லா பிடிக்குது.

ஒருத்தர் நல்ல மனசுல வாங்கிக் கொடுத்த ஜி.ஐ. வலையை (துத்தநாகம் பூசின இரும்பு வலை) நான் எடுத்துட்டேன்னு அவருக்கு வருத்தம். சார், துத்தநாகம் 420 டிகிரி பக்கத்துலயே உருகிடும், கரி நெருப்பு அதை விட சூடு, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, அதுக்காகத்தான் எடுத்தேன், வேற காரணம் இல்ல. கம்பி பிரஷ்ஷையும் தூக்கிப் போட்டுட்டேன், அதுல இருந்து உடையற முள்ளு கறியோட வாய்க்குள்ள போயிடும். தேங்காய் நாரு, இல்லன்னா பாதி வெங்காயத்தை ஃபோர்க்குல குத்தி சூட்டோட தேய்ச்சா போதும்.

"எதுக்கு இவ்வளவு பாடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிடலாமே"ன்னு கேக்குறாங்க. கடையில மலிவா தர்றது பெரும்பாலும் 202 கிரேடு, மட்டமான ரகம். நல்ல ஸ்டீல்தான், பாருங்க காந்தம் ஒட்டலைன்னு கடைக்காரர் காட்டுவாரு, ஆனா 202, 304, 316 மூணுலயுமே காந்தம் பெருசா ஒட்டாது, அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. 304 கூட கடலோரத்துல டீக்கறை மாதிரி பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316தான் உப்புக்கு தாங்கும், அந்த விலைக்கு சங்கத்துல காசு இல்ல. மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் வந்தா யோசிக்கலாம்.

அடுத்தது கவர். பழைய தார்பாயை கீழ வரைக்கும் இறுக்கிக் கட்டி வச்சிருந்தாங்க, அவுத்துப் பார்த்தா இட்லிப் பானை மூடி மாதிரி உள்ள முத்து முத்தா தண்ணி. சூடு ஆறாம மூடினாலும் அப்படித்தான், ஈரம் உள்ளயே அடைஞ்சுக்கும். அதனால செப்டம்பர்ல நாலு கம்பி நட்டு சரிவா ஷீட் போட்டு சின்ன கூரை, காலுக்கு கீழ ஹாலோ பிளாக், கவர் கீழ ஒரு சாண் திறந்தே இருக்கும். அடித்தகடுல தண்ணி வடிய ரெண்டு ஓட்டையும் போட்டோம். அக்டோபர் நடுவுல வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க காரை நிறுத்தினாங்களே, அந்த மழையிலயும் உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையை கடந்துச்சு, காத்து பிடுங்கிடக்கூடாதேன்னு அதுக்கு முந்தின நாளே ஷீட்டை கழட்டி கிரிலை லிஃப்ட் ரூமுக்குள்ள தள்ளினோம். அன்னிக்கு கூட நின்ன டி பிளாக் தம்பிங்க ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.

இவ்வளவு பண்ணி புயலுக்கு தப்பினது, புத்தாண்டு பார்ட்டிக்கு தப்பல. ஜனவரி 1 ராத்திரி யூஸ் பண்ணவங்க சாம்பலை அள்ளாம, கவர் போடாம போயிட்டாங்க. நான் ஊர்ல இல்ல, எட்டு நாள் கழிச்சு வந்தேன். மழையே பெய்யல, மார்கழிப் பனி மட்டும்தான். சாம்பல்ல இருக்கற பொட்டாசியம் உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அது சேறு மாதிரி தகடோட ஒட்டி இருந்துச்சு, வழிச்சு எடுத்தா அடியில துரு. புதுத் தகடு, ஏழு மாசம் கூட ஆகல. கொழுப்பு சொட்டின தட்டுல எலிப் புழுக்கை வேற. யாருன்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன், ஆனா அன்னிக்கு இருந்தவங்களுக்கு தெரியும். சாம்பல் அள்ள பத்து நிமிஷம், எண்ணெய் துடைக்க அஞ்சு நிமிஷம். நான் அதுக்கு நாலு ஞாயித்துக்கிழமை கொடுத்திருக்கேன்.

வரவு செலவு பொருளாளர் தனியா வாசிப்பாரு. மொத்தத்துல கையிருப்பு போன வருஷத்தை விட கொஞ்சம் குறைவு, கிரில் செலவால இல்ல, அதுல பெயிண்டும் உப்புத்தாளும் என் கைக்காசு, பில்லு வைக்கல. குறைஞ்சதுக்கு காரணம் ஒன்பது வீட்டு மெயின்டனன்ஸ் பாக்கி, அதுல மூணு வீடு ஒரு வருஷமா தரல. பேரு போர்டுல போடலாம்னு கமிட்டியில சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னேன். இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்துட்டா எனக்கும் நிம்மதி.

கமிட்டிக்கும், பொருளாளருக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும், வேலைக்கு வர்ற அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா நான் தொடரணுமான்னு நீங்கதான் சொல்லணும். வேற யாராவது முன்வந்தா சந்தோஷமா சாவியை கொடுத்துடறேன், நானே இருக்கணும்னா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், லிஃப்ட் பக்கத்துல 12 மாசத்துக்கு ஒரு அட்டை ஒட்டியிருக்கேன், மாசத்துக்கு ரெண்டு வீடு கிரிலை பார்த்துக்கணும். இப்போதைக்கு ஏப்ரல்ல மட்டும்தான் பேரு இருக்கு, அது என் வீடும் எதிர் வீட்டு மாமாவும். அடுத்த எண்ணெய் பூச்சு வர்ற ஞாயிறு காலையில ஏழு மணிக்கு, வெயில் ஏறறதுக்கு முன்னாடி முடிச்சுடலாம், பழைய காட்டன் துணி இருந்தா எடுத்துட்டு வாங்க.